அசல், வசூல், பக்

காரைக்குடிக்காரனுக்கு அரபி தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அசல், வசூல், பாக்கி, ஜப்தி, ஜாமீன் என்று எங்கள் ஐயாவின் பேரேட்டில் புரண்ட சொற்களெல்லாம் அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தவைதான். கொடுத்த கடனைத் திரும்ப வாங்குகிற அளவுக்கு அரபி எங்கள் வீட்டில் கைவசம் இருந்தது. பூச்சி விரட்டுகிற அளவுக்குத்தான் இல்லை.

சவுதி வேலைக்குப் போய்த் தம்மாம் விமான நிலையத்தில் இறங்கியதும், உடன் வந்த இளையான்குடி பாய் பலகையைப் படித்துக் காட்டினார்: ‘வுசூல்’. வந்ததும் வராததுமாக வசூலா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ‘வந்து சேருதல்’ என்பதுதான் பொருளாம். எங்கள் ஊரில் வந்து சேர வேண்டியது பணம் ஒன்றுதான். அதனால் பொருள் கொஞ்சம் சுருங்கிவிட்டது போலும்.

அன்றிரவே இரும்பு அடுக்குக் கட்டிலில் எனக்கு வரவேற்பு நடந்தது. மூட்டைப்பூச்சி! ரத்தம் கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் இடுக்கிலேயே காத்துக் கிடக்குமாம். அந்தப் பொறுமை எந்த வட்டிக்கடைக்கும் வராது. அசலை அது குடித்துவிட்டுப் போய்விட்டது; வட்டி மட்டும் அரிப்பாக என்மேல் ஏறிக்கொண்டே இருந்தது.

“அரபில இதுக்கு ‘பக்’னு பேருண்ணே. பகாலாவுல சொன்னா மருந்து தருவாக” என்றார் பாய். பகாலா என்றால் மளிகைக்கடை.

பகாலா, பக், பகாலா, பக் என்று உருப்போட்டுக்கொண்டே போனேன். கல்லாவில் இருந்த பெரியவரைப் பார்த்ததும் ரத்தத்தில் ஊறிய சொல் முந்திக்கொண்டது.

“பாக்கி!” என்றேன். “ரூம்ல நிறையப் பாக்கி!”

அரபியிலும் பாக்கி என்றால் மிச்சம்தான். கடையில் ஒரு ரொட்டிகூட வாங்காத ஒருவன் வந்து மிச்சம் கேட்டால் அவர் என்ன செய்வார்? பற்று நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “மாஃபி பாக்கி” என்றார். இல்லையாம். நான் விடவில்லை. முதுகைக் காட்டிச் சொறிந்தேன். பெரியவர் குலுங்கிச் சிரித்துவிட்டு, “பக்!” என்று ஒரு டப்பாவை நீட்டினார். விலையைக் கொடுத்தேன். இந்த முறை நிஜமாகவே பாக்கி வந்தது.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தபோது, வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவிடம் பெருமையாக இந்தக் கதையைச் சொன்னேன். அப்பத்தா அண்ணாந்து தேக்குத் தூண்களைப் பார்த்தாள்.

“ஒங்க பாட்டையா கொண்டுவிக்கப் போயி பர்மாவுல இருந்து தேக்கு கொண்டாந்தாக. நீ பூச்சிக்குப் பேரு கொண்டாந்திருக்கே.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சந்தேகமாக என்னைப் பார்த்தாள்.

“பேரு மட்டுந்தானேப்பா கொண்டாந்தே?”

நான் பதில் சொல்வதற்குள் என் பெட்டி முற்றத்து வெயிலுக்குப் போய்விட்டது.