அடைத்து வைத்த காற்று

1997இல் எங்கள் தெருவில் ஏசி உள்ள கார் எங்களுடையது மட்டும்தான். வெள்ளை மாருதி 800. வேலூரின் அக்னி நட்சத்திரத்தைத் தாங்க முடியாமல்தான் அப்பா கூடுதல் பணம் கட்டி அந்த மாடலை எடுத்தார். எடுத்த பிறகு ஏசியைப் போட்டது அபூர்வம். விருந்தாளி ஏறினால் போடுவார். கைக்குழந்தை இருந்தால் போடுவார். அக்காவுக்கு வரன் பேசிய மாதங்களில் மாப்பிள்ளை வீட்டாருக்காகப் போட்டார். மற்ற நாட்களில் நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருக்கும். பாலாற்றுப் பாலத்தில் போகும்போது மணலும் அனலும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். டேஷ்போர்டில் இருந்த ஏசி வென்ட்டுகள் எல்லாம் மூடியே கிடந்தன. "தொட்டுத் தொட்டுத் திருப்பினா சீக்கிரம் கெட்டுடும்" என்பது அம்மாவின் காரணம். அப்பாவின் காரணம் பெட்ரோல்.

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைத்திறனைத் தொடாத எஞ்சின் அது. ஏசி கம்ப்ரசரை பெல்ட் போட்டுச் சுற்றுவதும் அதே எஞ்சின்தான். சமதரையிலேயே பொத்தானை அழுத்தியதும் வண்டி சற்றுத் தயங்குவது தெரியும். ஏலகிரிக்குப் போனால் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் வரும். முதல் வளைவுக்கு முன்பே அப்பாவின் கை ஏசியை அணைத்துவிடும். அதன் பிறகு அங்கே ஏசியைப் பற்றி யாரும் பேச மாட்டோம். மலைக்காற்று இருந்தது, போதும்.

காற்றுக்காக வைத்த அந்த வாய்களை மற்ற எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினோம். வெள்ளிக்கிழமை ஊதுபத்தி நடு வென்ட்டின் இடுக்கில் நிற்கும். சுங்கச் சீட்டுகள் ஓர வென்ட்டில் சொருகியிருக்கும். டேஷ்போர்டின் மேல் நடுவில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிய பித்தளைப் பிள்ளையார். பின்னாளில் செல்போன் வந்தது. வென்ட்டின் பட்டையைக் கவ்விப் பிடிக்கும் போன் ஸ்டாண்டும் வந்தது. காற்றைத் திருப்புவதற்காக மட்டும் செய்த மெல்லிய பட்டை, ஒரு போனின் எடையைத் தாங்கிக்கொண்டு எங்கள் ஊர்ச் சாலைகளின் ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுங்கியது.

இன்று அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வெயில் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தூசி பட்டால் இருமல் வருகிறது. காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்பது ஏசியைத்தான். அந்த வயதில் அது ஆடம்பரம் இல்லை, மருந்து. அவருக்கு அது தேவைப்பட்ட காலத்தில் காற்று வரும் வாய்கள் உடைந்து கிடந்தன. ஓட்டுநர் பக்க வென்ட்டின் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்திருந்தன. நடு வென்ட்டில் இரண்டு பட்டைகள் இல்லவே இல்லை. இடது ஓர வென்ட் மூடிய நிலையில் இறுகிப்போயிருந்தது. காயிலில் குளிர் இருந்தது. அது அப்பாவின் முழங்காலுக்குப் போயிற்று, கண்ணாடிக்குப் போயிற்று, முகத்துக்கு மட்டும் வரவில்லை.

வண்டியைக் கொடுத்துவிடச் சொன்னவர்கள் பலர். தனியார் காரின் முதல் பதிவு பதினைந்து வருடம். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பணத்தைக் கட்டினோம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, தரை துரு ஏறவில்லை, அப்பாவுக்கு ஏறி இறங்க அந்தக் கதவின் உயரம் பழகியிருக்கிறது. உடைந்தது சில பிளாஸ்டிக் பட்டைகள். அதற்காக ஒரு காரைக் கழித்துக்கட்டுவது சரியென்று எனக்குப் படவில்லை, இப்போதும் படவில்லை.

இதில் வண்டியைச் செய்தவர்கள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் ஷெட் கிடையாது. கார் தெருவில் நின்றது. 2018இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தவரும் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தவரும் சேர்ந்து, கோடை வெயிலில் நிறுத்திய கார்களின் உள்சூட்டை அளந்து வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸ், டேஷ்போர்டின் மேற்பரப்பு 69 டிகிரி. அரிசோனாவின் வெயிலுக்கு எங்கள் ஊர் மே மாதம் சளைத்ததல்ல. பகலில் அந்தச் சூடு, இரவில் ஆறுதல், மறுநாள் மறுபடி சூடு. வருடக்கணக்கில் இப்படி விரிந்து சுருங்கும் பிளாஸ்டிக் தன் நெகிழ்வை இழக்கிறது. முதலில் உடைவது மிக மெல்லிய இடம்தான். வென்ட்டில் அது ஒவ்வொரு பட்டையின் இரு முனையிலும் இருக்கும் சின்ன முளை. பட்டை சுழல்வது அந்த முளைகளின் மேல்தான்.

டேஷ்போர்டைக் கழற்றும் வேலையை அக்கா மகனும் நானும் சேர்ந்து செய்தோம். ஏசி வேலைக்கு, அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான பாய் வந்தார். அவர் சொன்ன முதல் விஷயம் நேரத்தைப் பற்றியது. "காலைல கைய வெக்காதீங்கம்மா. வண்டி கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கட்டும். கிளிப்பு சூடானாத்தான் வளையும், குளிர்ல இழுத்தா முறிஞ்சிடும்." பிளாஸ்டிக்கை இத்தனை வருடம் கெடுத்த வெயிலே அதைக் கழற்றவும் உதவியது. திருகாணிகளை ஓர் அட்டையில் டேஷ்போர்டின் படம் வரைந்து, எந்த இடத்திலிருந்து எடுத்தோமோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தோம். நீளம் மாறிய ஒரு திருகாணி, உள்ளே போகும் ஒயரைக் கிழித்துவிடும்.

அந்தக் காலத்துக் கார்களில் இந்த வேலையை வீட்டு வாசலில் செய்யலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்தாம் நம்பர் ஸ்பானர், கொஞ்சம் பொறுமை போதும். இன்றைய கார்களில் அப்படி இறங்கக் கூடாது. 2019 ஜூலை முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். பிறகு பக்கத்து இருக்கைக்கும் கட்டாயமாயிற்று, அது டேஷ்போர்டுக்குள்ளேயே மடிந்திருக்கிறது. உயிர் காக்கும் அந்தப் பைகளை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அவற்றை அறியாத கை தொடக் கூடாது.

முகப்பை எடுத்ததும் தெரிந்தது, உடைந்த வென்ட் பிரச்சினையில் பாதிதான் என்று. இந்த வண்டியில் காற்றை வடிகட்டும் ஃபில்டர் கிடையாது. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக வெளிக்காற்று நேராக உள்ளே வருகிறது. எங்கள் தெரு வேப்பமரத்தின் சருகுகளும் காம்புகளும் புளோயர் விசிறியைச் சுற்றி மெத்தையாகப் படிந்திருந்தன. காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் உட்கதவுகளின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஃபோம், தொட்டால் கரும்பொடியாக உதிர்ந்தது. சில வருடமாக வென்ட்டிலிருந்து பறந்துவந்து அப்பாவின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிய கரும்பொட்டுகள் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. கதவு சரியாக மூடாததால் குளிர்காற்று வழியிலேயே சிதறியது. புளோயர் முழு வேகத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததற்கும் காரணம் அங்கே இருந்தது: வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தது. அது கைக்கடக்கமான, விலை மலிவான பாகம். வருடக்கணக்கில் அப்பா அந்த இரைச்சலைச் சகித்துக்கொண்டு, இதற்கு ஒரு வேகம்தான் என்று நம்பியிருந்தார்.

வெறும் அழகுக்காக டேஷ்போர்டை மீட்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். வெளியே பட்டையை மாற்றுவதற்கு முன் உள்ளே கையை விடுங்கள். சருகை அள்ளுங்கள், ஃபோமை மாற்றுங்கள், கன்ட்ரோல் கேபிளுக்கு கிரீஸ் போடுங்கள். புது ஃபோம் தண்ணீர் உறிஞ்சாத வகையாக இருக்கட்டும். உறிஞ்சும் ஃபோம் நாற்றம் பிடித்து மறுபடி உதிரும்.

பிறகு பட்டைகள். புதிதாக வாங்கலாம் என்றால், காருக்கு வயதாகிவிட்டது. இந்த வகைக் காரின் முதல் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி ஒருவரின் கையில் கொடுத்தார். 2010 ஏப்ரலில் புதிய மாசு விதியால் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும் நின்றது. முன்பெல்லாம் எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் 800இன் பாகம் கேட்டால் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பார்கள். இன்று பிரேக் ஷூ கிடைக்கிறது, கிளட்ச் கிடைக்கிறது, ஓடுவதற்குத் தேவையானது எல்லாம் கிடைக்கிறது. வென்ட் கிடைப்பதில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினோம். பிரித்துப்போட்ட கார்களின் டேஷ்போர்டுகள் கூரை வரை அடுக்கியிருந்த கடையில், கடைக்காரர் தானே குனிந்து தேடினார். கிடைத்த வென்ட்டுகளிலும் அதே முளைகள்தான் உடைந்திருந்தன. "எல்லாரும் இதைத்தான்க்கா கேக்கறாங்க. நல்லதா ஒண்ணு வந்தா எடுத்து வெக்கிறேன்" என்றார்.

இருந்த பட்டைகளை முதலில் காப்பாற்றினோம். கார் பாகங்களின் பின்புறத்தில், எந்தப் பிளாஸ்டிக் என்பதைச் சுருக்கெழுத்தாக அச்சிலேயே வார்த்திருப்பது வழக்கம். அதைப் படிக்காமல் பசையை எடுக்கக் கூடாது. ஏபிஎஸ் என்றால் ஃபெவிக்விக் பிடிக்கும், அசிட்டோனில் கரைத்தும் ஒட்டலாம். பாலிபுரொப்பிலீன் என்றால் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, உரிந்து வந்துவிடும். எங்களுடையது ஏபிஎஸ். முளை முறிந்த முனையில் கையால் சுற்றும் சின்ன டிரில்லால் மெல்லிய துளை போட்டு, பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி, அடியில் ஒரு சொட்டு பசை விட்டு, அதன்மேல் சிட்டிகை சமையல் சோடா தூவினோம். சோடா பட்டதும் பசை நொடியில் கல்லாகிறது. இதில் அவசரப்படுகிறவருக்கு வேலை இல்லை. துளை இம்மி விலகினாலும் பட்டை கோணலாக நிற்கும், மற்ற பட்டைகளோடு அதைச் சேர்த்துக் கட்டும் இணைப்புக் கம்பி ஏறாது. முளை உட்காரும் பக்கத்தில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒன்று இருக்கும். திருப்பிய இடத்தில் பட்டை நிற்பது அந்தத் துணியின் பிடியால்தான். அது தேய்ந்திருந்ததால் புதிதாக வெட்டி ஒட்டினோம்.

காணாமல்போன பட்டைகளை அக்கா மகன் தன் கல்லூரியின் 3டி பிரிண்டரில் செய்து தந்தான். அளவெடுத்தபோது அவன் காட்டிய கவனம் எனக்குப் பிடித்திருந்தது. சாதாரணமாக அங்கே எல்லோரும் பயன்படுத்துவது பிஎல்ஏ என்ற இழை. "சித்தி, அதுல அடிச்சா மே மாசம் தொங்கிடும்" என்று சொல்லி மறுத்துவிட்டான். பிஎல்ஏ 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். டேஷ்போர்டோ 69 டிகிரிக்குப் போகிறது. நூறு டிகிரியை நெருங்கும் வரை நெகிழாத, வெயிலையும் தாங்கும் ஏஎஸ்ஏ இழையில் அச்சிட்டான். பழைய பட்டைக்கும் புதிய பட்டைக்கும் வித்தியாசம், விரலால் தடவினால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

நிறத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கார் அலங்காரக் கடைகளில் டேஷ்போர்டைப் பளபளவென்று எண்ணெய் பூசினதுபோல் ஆக்கித் தருவார்கள். அப்பாவுக்கு அதில் ஆசை. நான் சம்மதிக்கவில்லை. டேஷ்போர்டின் மேல்பரப்பைத் தொழிற்சாலையில் மங்கலாகச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது: பளபளத்தால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து, எதிரே வரும் மனிதரை மறைக்கும். அந்தப் பூச்சில் தூசியும் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர், மென்மையான பல்துலக்கும் பிரஷ், ஈரத்துணி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். பிள்ளையாரை எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவி டேப்பின் பசையை ஊறவைத்துத் துடைத்தபோது, அவர் பீடத்தின் அளவுக்கு 1997இன் நிறம் அப்படியே இருந்தது. சுற்றிலும் வெளுத்த சாம்பல், நடுவில் அடர்ந்த சாம்பல். வென்ட் சட்டங்களுக்கு நிறம் கலக்கும்போது அந்த வட்டத்தைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டோம். மேல்பரப்பை வெளுத்தபடியே விட்டுவிட்டோம். பிள்ளையார் மறுபடி அதே இடத்துக்குப் போனார். ஊதுபத்திக்கு மட்டும் இனி வென்ட்டில் இடமில்லை. போன் ஸ்டாண்டு கண்ணாடிக்குப் போய்விட்டது.

2017இல் வந்த டெஸ்லா மாடல் 3 காரில் பட்டைகளே கண்ணுக்குத் தெரியாது. டேஷ்போர்டின் நீளத்துக்கு ஒரு பிளவு, அதில் வரும் காற்றைத் திரையில் விரல் வைத்துத் திருப்ப வேண்டும். அழகாகத்தான் இருக்கிறது. அந்தத் திரை முப்பது வயதில் பழுதானால், பித்தளைக் கம்பியும் சமையல் சோடாவும் வைத்துக்கொண்டு யாரும் அருகில் போக முடியாது. என் அக்கா மகன் இந்த முளைகளைச் செய்யக் கற்றுக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம். தன் கையால் திறக்க முடிகிற பொருளை ஒருவன் ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும்.

அப்பா இப்போது பக்கத்து இருக்கையில் உட்காருகிறார், இரண்டாம் வேகத்தில் ஏசி ஓடுகிறது, கண்ணாடிகள் ஏறியிருக்கின்றன. இந்தப் பட்டைகளின் படத்தைப் புதுப்பேட்டைக் கடைக்காரருக்கு அனுப்பியிருந்தோம். முன்பு பாகத்தைத் தேடி நாங்கள் அவரிடம் போனோம். இப்போது அவர் அழைத்து, 800 வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள், நான்கு செட் வேண்டும், நடு வென்ட்டுக்கும் ஓர வென்ட்டுக்கும் தனித்தனியாகக் கட்டி அனுப்புங்கள் என்றார். ஏஎஸ்ஏ இழை தீர்ந்துவிட்டது. புதிய சுருள் வந்ததும் அவருடைய செட்டுகளைத்தான் முதலில் அச்சிட வேண்டும்.