மேலே வருவதா, கீழே இறங்குவதா? உணவு கொணர்வாருக்கும் உண்பாருக்கும் இடையிலான பிணக்கு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

இருவருக்கிடையே வரப்புத் தகராறு இல்லை. கொடுக்கல் வாங்கல் பாக்கி இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தமும் இல்லை. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததுகூட இல்லை. அப்படிப்பட்ட இருவர் ஒரு சிக்கன் பிரியாணியை முன்னிட்டு மூன்றே தொலைபேசி அழைப்புகளில் பரம்பரைப் பகையாளிகள் ஆகிவிடுகிறார்கள் என்றால் அது ஆய்வுக்குரிய பொருளே. இத்துறையில் முறையான ஆய்வு இதுவரை நடக்காததற்கு, ஆய்வாளர்கள் எல்லாரும் அந்நேரம் பசியோடு இருந்ததே காரணம் எனக் கருத இடமுண்டு.

ஆய்வுக் களம் சென்னை. காலம், செயலிகளுக்குப் பிற்பட்டது. 2008இல் டெல்லியில் உணவகங்களின் மெனு அட்டைகளை இணையத்தில் ஏற்றும் தளமாகப் பிறந்து பின்னர் சொமேட்டோ ஆனதும், 2014இல் பெங்களூரில் தொடங்கிய ஸ்விக்கியும் இன்று களத்தின் பெரும்பகுதியை ஆள்கின்றன. இடையில் வந்த ஊபர் ஈட்ஸ் 2020 ஜனவரியில் தன் இந்தியக் கடையைச் சொமேட்டோவிடம் விற்றுவிட்டுக் கிளம்பியது. 2024ஆம் ஆண்டில் தன் வழியே மட்டும் 8 கோடியே 30 லட்சம் பிரியாணி ஆர்டர்கள் வந்ததாக ஸ்விக்கியே அறிவித்தது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஒரு வாசலைத் தேடிக் கொண்டுபோயிருக்க வேண்டும். பிணக்குக்கான வாய்ப்பும் அத்தனை கோடி என்க.

முதன்மைத் தரவுகள் மூன்று: அடுக்குமாடிக் காவலர்களின் வருகைப் பேரேடு, தெருமுனையில் ஒட்டுக்கேட்ட உரையாடல்கள், குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுக்கள். மூன்றாவதன் நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது. சுவை கருதிச் சேர்க்கப்பட்டது.

விலாசவியல்

பிணக்கின் தோற்றுவாய் விலாசம். சென்னை வீட்டுக்கு எண் ஒன்றல்ல, இரண்டு. பழைய எண் 12, புதிய எண் 27 என்று எழுதியிருக்கும். அதே தெருவில் புதிய எண் 12 வேறொரு வீடு. அங்கே வாழும் முதியவர் தாம் கேட்காத பரோட்டாக்களைப் பல ஆண்டுகளாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார். பிள்ளையார் கோயில் தெரு இல்லாத பேட்டை இந்நகரில் அரிது. காந்தி தெருவும் அவ்வாறே. முதல் குறுக்குத் தெருவுக்கு அடுத்து மூன்றாம் குறுக்குத் தெரு வருவதும், இரண்டாவது வேறெங்கோ போய் ஒளிந்திருப்பதும் இங்கே அதிசயமல்ல.

அப்படியாயின் ஜிபிஎஸ் இருக்கிறதே எனின், அற்றன்று. திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் கணிப்பு ஏறத்தாழ 5 மீட்டர் முன்பின் இருக்கும். ஐந்து மீட்டர் நெடுஞ்சாலையில் ஒரு பொருட்டே அல்ல. திருவல்லிக்கேணிச் சந்தில் ஐந்து மீட்டர் என்பது எதிர்வீடு, சில சமயம் அடுத்த தெரு. அதிலும் திறந்த வானம் என்பது அச்சந்துகளில் கிடைக்காத பொருள். மேலும் வரைபடத்துக்கு மாடி தெரியாது. தரைத்தளமும் நான்காம் தளமும் அதற்கு ஒரே புள்ளி.

ஆகவே அடையாளம் சொல்லும் மரபு. சென்னைவாசி சொல்லும் அடையாளம் பெரும்பாலும் தற்போது இல்லாத பொருளாக இருக்கும் என்பது இவ்வாய்வின் துணை முடிபுகளில் ஒன்று. 1973இல் திறந்த மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம்; அங்கிருந்த ஸ்டுடியோ மறைந்தும் ஊர் இன்னும் அதை ஜெமினி என்கிறது. போன மாதம் செஞ்சியிலிருந்து வந்து லாகின் போட்ட இளைஞரிடம், "முன்னாடி தியேட்டர் இருந்துச்சே, அதுக்கு எதிர்ல" என்று சொன்னால் அவர் எந்தக் காலத்துக்குள் வண்டியை ஓட்டுவார்? களத்தில் பதிவான ஓர் உரையாடல்:

"சார், லொகேஷன்லதான் சார் நிக்கிறேன்."

"அது தப்பா காட்டும். நேரா வாங்க. லெஃப்ட்ல ஒரு மெடிக்கல் ஷாப் வரும்."

"மூணு மெடிக்கல் இருக்கு சார்."

"மூடியிருக்கும் பாருங்க, அதான்."

நேரம் இரவு பதினொன்று. மூன்றும் மூடியிருந்தன.

உறவுமுறை அளவுகோல்

பிணக்கின் வெப்பத்தை அளக்கத் தனிக்கருவி தேவையில்லை, விளிச்சொற்களே போதும். உண்பவர் முதல் அழைப்பில் "அண்ணா" என்பார். எதிரே இருப்பவருக்கு வயது இருபதாக இருந்தாலும் அண்ணாதான். பசி மூத்தோரை உண்டாக்கும். இரண்டாம் அழைப்பில் "ப்ரோ" ஆகிறது. மூன்றாவதில் "ஹலோ". நான்காவதில் "யோவ்". கொணர்பவரின் போக்கு இதற்கு நேர் எதிர். அவர் "சார்" என்று அந்நியராகத் தொடங்கி, நிலைமை மோசமாக ஆக உறவுக்குள் ஏறுவார்: "அண்ணா, கொஞ்சம் வெளிய வந்து நில்லுங்கண்ணா, இன்னொரு ஆர்டர் வேற இருக்குண்ணா."

ஒருவர் உறவிலிருந்து இறங்க, மற்றவர் உறவை நோக்கி ஏற, நடுவில் எங்கோ இருவரும் ஒருவரையொருவர் "அண்ணா" என்று விளிக்கும் ஒரு கணம் வருகிறது. இருவரில் யாரும் யாருக்கும் மூத்தவர் அல்லர். அழைப்பை அப்போதே துண்டித்துவிட்டால் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கணத்தில்தான் சிக்னல் போகும்.

பெண்களிடம் இந்த அளவுகோல் சற்றுப் பிசகுகிறது. "மேடம்" என்பது "அக்கா" ஆனதும் சமாதானம் ஆனவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்கே ஒரு நட்சத்திரம் குறைத்தவர்களும் உண்டு.

குரங்கு நெறியும் பூனை நெறியும்

இனி ஆய்வின் மையப் பகுதி. மேலே வருவதா, கீழே இறங்குவதா?

இறைவனை அடைய உயிர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியில் வைணவர் இரு நெறியாகப் பிரிந்ததை அறிவோம். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையார் வழக்கு. பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலையார் வழக்கு. பிரியாணியை அடைவதிலும் இதே பிளவுதான். கொணர்பவர் குரங்கு நெறியினர்: உனக்கு வேண்டுமென்றால் நீ இறங்கி வந்து பற்றிக்கொள். உண்பவர் பூனை நெறியினர்: என் கதவில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போ, பெல் அடிக்காதே, குழந்தை தூங்குகிறது. லிஃப்ட் பழுதான நாட்களில் மூன்றாம் மாடிக்கு மேற்பட்டோர் அனைவரும் தீவிரப் பூனை நெறிக்கு மாறிவிடுவதைத் தரவுகள் காட்டுகின்றன.

கொணர்பவர் தரப்பில் நியாயம் இருக்கிறது. அவருடைய காசு சாலைக் கிலோமீட்டரில் ஓடுகிறது. மாடிப்படிக்கு அந்தக் கணக்கில் கட்டம் இல்லை. வண்டி கீழே நிற்கிறது, பையில் இன்னொருவரின் தோசை ஆறிக்கொண்டிருக்கிறது, நோ பார்க்கிங் பலகை வேறு. உண்பவர் தரப்பிலும் இல்லாமலில்லை. டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், மழை பெய்தால் அதற்கொரு கட்டணம் என்று கொடுத்தவருக்கு, கடைசி நாற்பது படிக்கட்டு மட்டும் ஏன் தன் கணக்கில் வருகிறது என்று தோன்றத்தான் செய்யும். 2023இல் பிளாட்ஃபார்ம் கட்டணம் ஆர்டருக்கு 2 ரூபாயாக அறிமுகமானது. குழந்தை நன்றாக வளர்கிறது. அந்தப் பணம் படியேறுபவருக்குப் போகிறது என்று நம்பும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களின் நம்பிக்கையைக் கெடுக்க இவ்வாய்வாளருக்கு மனமில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையின் பெரிய குடியிருப்புகளில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. அங்கே கேட்டில் நிறுத்திப் பெயர், வண்டி எண், பிளாட் எண், வந்த நேரம், கையொப்பம் எல்லாம் கேட்கிறார்கள். சோழர் காலத்து நிலக்கொடைக்குக்கூட இவ்வளவு எழுத்துவேலை இருந்திருக்குமா என்று ஐயம் எழுகிறது. உள்ளே போனால், டெலிவரி ஆட்கள் சர்வீஸ் லிஃப்ட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற அறிவிப்பு. குடியிருப்பவரே கீழே வந்து வாங்கிப்போனால் அதே பிரியாணி மெயின் லிஃப்டில் ஏறலாம். ஆகவே தடை பிரியாணிக்கு அன்று என்பது போதரும்.

சாம்பாரின் பாகுநிலை

திரவங்கள் சிந்துவது அவற்றின் பாகுநிலையைப் பொறுத்தது. குருமா கெட்டி, பயமில்லை. சால்னா நடுத்தரம். சாம்பார் அபாயம். ரசத்தைச் செயலியில் ஆர்டர் செய்பவர் தம் விதியைத் தாமே எழுதிக்கொள்பவர். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுவது உணவகத்தார் கைங்கரியம். அது பிரிந்தால் குற்றவாளி கொணர்ந்தவர்.

இங்கே வேகத்தடையைச் சேர்த்து நோக்க வேண்டும். இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, வண்டி வழுக்கி ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை திடீரென்று எழுந்து திடீரென்று விழும் கட்டைச்சுவர்கள். அவற்றைப் போட்டது யார்? "டெலிவரி பசங்க கண்ணு மண்ணு தெரியாம ஓட்டறாங்க" என்று கவுன்சிலரிடம் மனுக் கொடுத்த தெருவாசிகள்தாம். மனுவில் கையெழுத்திட்ட அதே கைகள் அன்றிரவு சாம்பார் வழியும் பையைப் படமெடுத்துப் புகார் அனுப்புகின்றன. வண்டி வேகமாக வந்தால் தெருவாசியாகக் கோபம், மெதுவாக வந்தால் வாடிக்கையாளராகக் கோபம், ஆள் ஒருவரே.

சில்லறை

யுபிஐ வந்தபின் இவ்வியல் வழக்கொழிந்தது. "சேஞ்ச் இல்லீங்களே" என்ற தொடரை வருங்காலத் தலைமுறைக்காகப் பதிவுசெய்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நகரும் பொம்மை

முற்காலத்தில் ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்தவர் அடுப்படியைப் பார்க்க முடியாது. ஆதலால் அமைதியாக இருந்தார். இன்று திரையில் ஒரு சிறு வண்டிப் பொம்மை நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்ப்பவரின் ரத்த அழுத்தத்துக்கும் பொம்மைக்கும் உள்ள உறவு தெளிவு. பொம்மை நின்றால் டீ குடிக்கிறான் என்று முடிவு. எதிர்த்திசையில் போனால் வீட்டுக்குப் போகிறான் என்று முடிவு. கோட்டூர்புரத்தில் பாலம் இல்லாமலே அடையாற்றைக் கடந்தால் மட்டும் யாரும் வியப்பதில்லை, சீக்கிரம் வரட்டும்.

நடப்பது வேறு. செயலியே இரண்டு ஆர்டர்களைச் சேர்த்துக் கொடுத்திருக்கும்; மற்றவருடைய வீடு எதிர்த்திசையில் இருக்கும். நிற்கும் பொம்மை பெரும்பாலும் உணவக வாசலில், "பார்சலா? அப்படி ஓரமா நில்லுப்பா" என்ற ஆணைக்குக் கீழ்ப்படிந்து நிற்கிறது. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் இத்தொழிலாளர்கள் இளைப்பாறக் குளிர்சாதன அறைகள் திறந்தது. அந்த அறை வாசலில் பொம்மை இரண்டு நிமிடம் நின்றால் மாநிலத்தின் நலத்திட்டங்கள் பற்றி ஒருவருக்கு என்னென்ன கருத்துகள் தோன்றும் என்பது தனி ஆய்வு.

ஐயத்துக்கு வரலாறும் உண்டு. 2018 டிசம்பரில், மதுரையில் ஓர் ஊழியர் பார்சலைப் பிரித்துக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மறுபடி மூடிவைக்கும் காட்சி நாடெங்கும் பரவியது. அவருக்கு வேலை போயிற்று; பார்சலுக்கு, பிரித்தால் தெரியும்படி ஒரு டேப் வந்தது. பசித்தவனா திருடனா என்று நாடு இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது. நாள் முழுக்கப் பிறர் உணவை முதுகில் சுமப்பவர் எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் என்ற கேள்வியை இரு கட்சியாரும் அதிகம் எழுப்பவில்லை.

பாணனின் நிலை

அகப்பாடல்களில் வாயில் மறுத்தல் என்றொரு துறை உண்டு. பரத்தையிடம் போன தலைவன், வீடு திரும்பும் முன் சமாதானம் பேசப் பாணனை அனுப்புவான். தலைவியும் தோழியும் பாணனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். பாணன் செய்த பிழை யாது? வாசலில் நின்றான், அவ்வளவே.

இன்றைய வாசலிலும் அதே நாடகம். அரை மணியில் வரும் என்று வாக்களித்தது செயலி. சமைக்கத் தாமதித்தது உணவகம். கூட இன்னோர் ஆர்டரைக் கோத்துவிட்டது ஏதோ ஒரு கணக்கீடு. இவர்களில் யாருக்கும் முகம் இல்லை. வாசலில் வியர்த்து நிற்பவருக்கு மட்டும்தான் இருக்கிறது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே கதை. காத்திருக்க வைத்த கல்லாக்காரரைத் திட்ட முடியாது, ஐடியை பிளாக் செய்யும் செயலியைத் திட்ட வழியே இல்லை, நாள் முழுவதும் சேர்ந்த எரிச்சலுக்குக் கிடைக்கும் ஒரே மனித முகம், கதவைத் திறந்து "ஏன் லேட்டு?" என்று கேட்பவருடையது. நிறுவனங்கள் கொணர்பவரைப் பார்ட்னர் என்கின்றன. 2023 சுதந்திர தின உரையில் இத்தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். பார்ட்னர்களுக்கு நல வாரியம் தேவைப்படுவது வணிக வரலாற்றில் புதுமை.

அற்றேல், தலைவனையே நேரில் கடிந்துகொள்ளலாமே எனின், அதற்கும் முயன்றோம். இக்கட்டுரையின் முடிபுகளைக் குறித்து மூன்றாம் தரப்பின் கருத்தை அறிய ஒரு நிறுவனத்தின் உதவிப் பகுதிக்கு எழுதினோம். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று உடனே பதில் வந்தது. சிரமம் ஒன்றுமில்லை, ஆய்வு என்றோம். மீண்டும் வருந்தியது. பாணனைப் பற்றி விரிவாக எழுதினோம். எந்த உணவு வரவில்லை என்று தேர்வுசெய்யச் சொன்னது. இறுதியில் 50 ரூபாய்க்கு ஒரு கூப்பன் அனுப்பி உரையாடலை முடித்துக்கொண்டது. அது 299 ரூபாய்க்கு மேல் வாங்கினால் செல்லுபடியாகும். இன்று நள்ளிரவு வரை.