ஆரஞ்சு மூக்கு

கனடாவில் உரிமம் வைத்திருப்பவர் மான் வேட்டைக்கு நல்ல ரைஃபிள் ஒன்றை வாங்கலாம். அதே ரைஃபிளைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த, ஈயைக்கூடச் சுட வக்கில்லாத பொம்மையை அவரும் வாங்க முடியாது, நானும் வாங்க முடியாது. குற்றவியல் சட்டத்தின் 84ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தான் துவக்காக இல்லாமல், ஒரு துவக்கைத் துல்லியமாக ஒத்திருக்கும் எதுவும் தடைசெய்யப்பட்ட சாதனம்.

நான் இதைப் படித்தது சட்ட ஆர்வத்தால் அல்ல. மகன் வேலை கிடைத்துக் கல்கரிக்குப் போனபோது பேஸ்மென்டில் ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனான். போன கிழமை தொலைபேசியில் சொன்னான்: "அப்பா, உதுகள் கலெக்டர் சாமான். எறிஞ்சு போடாதேங்கோ. ஒன்லைனில போட்டா நல்ல காசுக்கு வாங்குவினம்."

மனுசி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "நல்ல காசெண்டா அவன் பெட்டியை விட்டிட்டே போவான்?"

பெட்டியைத் திறந்தால் ஓர் ஆயுதக் கிடங்கு. இரும்பில் வார்த்த கௌபாய் கைத்துவக்கு ஒன்று. வெள்ளைப் பிளாஸ்டிக் பிடி, அதில் நீண்ட கொம்பு வைத்த மாட்டுத் தலை. உள்ளே பொட்டு வெடி வைத்து விசையை இழுத்தால் 'பட்' என்று ஒரு சத்தமும், தீபாவளி மணத்தோடு கொஞ்சம் புகையும் வரும். அடுத்தது கிளிப்பச்சை நிறத்தில் தண்ணீர்த் துவக்கு. மூன்றாவது மெகட்ரான். இவர் 1984இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளின் வில்லன். நின்றால் ரோபோ, மடித்தால் வால்தர் பி38 என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி. மகனுக்கு எட்டு வயதிருக்கும்போது பக்கத்துத் தெருவில் ஒரு கராஜ் விற்பனையில் கிடைத்தவர்.

நாங்கள் இருப்பது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். மொன்றியல் தீவின் மேற்கு முனை. ஒட்டாவா ஆறு சென் லூயி ஏரிக்குள் இறங்கும் இடத்தில் 1843இல் திறந்த ஒரு கால்வாய். கோடை முழுவதும் அதன் கரையில் சனம் ஐஸ்கிரீம் கையுமாக நின்று, கதவடைத்த தொட்டிக்குள் படகுகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதலாம் உலகப் போரில் அடிபட்டு வந்த படையினருக்காக 1917இல் கட்டிய மருத்துவமனையும் இங்கேதான் இருக்கிறது. உண்மையான துவக்கு பிடித்த கைகள் நூறு வருடமாக வந்து ஓய்வெடுத்த ஊர் இது. அந்த ஊரிலிருந்து, பொம்மைத் துவக்கு விற்க நான் இணையச் சந்தையில் இறங்கினேன்.

படம் ஏறி முடிய முதலே நிராகரிப்பு வந்துவிட்டது. ஆயுதங்கள், வெடிபொருட்கள் விற்பது சமூக நெறிகளுக்கு முரணானது என்றார்கள். 'விளையாட்டுப் பொருள்' என்று சேர்த்துப் போட்டேன். அதுவும் போய்விட்டது. மேன்முறையீட்டுக்கு ஒரு பொத்தான் இருந்தது. அமத்தினேன். ஆள் ஒருவர் கவனமாகப் பார்த்து முடிவு சொல்வார் என்று எழுதியிருந்தது. கண் மூடித் திறக்க முதல் முடிவு வந்தது. அவ்வளவு கதியில் கவனமாகப் பார்க்கும் ஆளை நான் இந்த நாட்டில் எந்தக் கந்தோரிலும் சந்தித்ததில்லை.

தண்ணீர்த் துவக்கையும் பிடித்துவைத்தார்கள். தலைப்பில் இருந்த 'துவக்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தண்ணீர் பீச்சும் கருவி' என்று போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டு தோட்ட உபகரணங்களுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஸ்காபரோவில் இருக்கும் நண்பனுக்கு எடுத்தேன். அவன் பழைய சாமான் வாங்கி விற்பதில் பழம் தின்று கொட்டை போட்டவன். "அண்ணை, உள்ளதைச் சொல்லி ஆரும் விப்பாங்களே? 'கௌபாய் சாமான்' எண்டு போடுங்கோ. வாங்கிறவனுக்கு விளங்கும், மெசினுக்கு விளங்காது."

எங்கட ஆக்களுக்கு இதுவெல்லாம் புதிதா? எண்பதுகளில் ஊரிலிருந்து வரும் கடிதத்தில் 'இரவிரவாக நல்ல மழை' என்று இருந்தால் ஷெல் விழுந்தது என்று வாசிப்போம். 'மாமா வீட்டுக்காரர் வந்து போனவை' என்றால் ஆமி வந்து சோதித்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தில், 'மேற்குத் திசை மாட்டுக்காரர்களின் இடுப்பு அலங்காரம், சிறு ஒலியுடன்' என்று எழுதிப் போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.

வாங்க வந்தவர்களின் முதல் கேள்வி எல்லாம் ஒன்றுதான்: "இன்னும் இருக்கிறதா?" இருக்கிறது என்றால் பதில் இல்லை. ஒருவர் பழைய பனி அள்ளும் இயந்திரத்தோடு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டார்கள்: "மூக்கு என்ன நிறம்?"

அந்த மூக்குக்கு ஒரு கதை உண்டு. 1987 ஆகஸ்ட் 19. கலிபோர்னியாவில் கேஎன்பிசி தொலைக்காட்சியின் செய்தி நேரலையாகப் போய்க்கொண்டிருக்கிறது. நுகர்வோர் பிரச்சினைகளைச் சொல்லும் டேவிட் ஹோரோவிட்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் உள்ளே புகுந்து, துவக்கை அவர் உடம்பில் வைத்து, தான் எழுதிக்கொண்டுவந்த அறிக்கையை வாசிக்கச் சொல்கிறான். ஹோரோவிட்ஸ் குரல் நடுங்காமல் வாசித்தார். பிறகு பார்த்தால் அது வெற்று விளையாட்டுத் துவக்கு. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்குப் போலிச் சாமானைக் கண்டுபிடித்துக் கொடுத்த மனிதரை ஒரு போலிச் சாமான் மடக்கிவிட்டது. அவர் சும்மா இருக்கவில்லை, உண்மை போலத் தெரியும் பொம்மைத் துவக்குகளுக்கு எதிராகக் கிளம்பினார். அடுத்த வருடமே அமெரிக்க மத்திய அரசு, பொம்மைத் துவக்கின் குழல் வாயில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 1989இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பெரிய இணையச் சந்தைகளும் பின்னாளில் அந்த ஆரஞ்சு மூக்கையே பிடித்துக்கொண்டன.

சேகரிப்பவர்களின் கதை இதற்கு நேர்மாறு. ஆரஞ்சு மூக்கு இல்லாத, 1989க்கு முந்திய பொம்மைக்குத்தான் விலை. யாராவது நல்லெண்ணத்தோடு பிறகு ஆரஞ்சுப் பூச்சுப் பூசியிருந்தால் விலை விழும். பூசாவிட்டால் சந்தை விடாது, பூசினால் வாங்குபவர் விடமாட்டார். பொம்மை எவ்வளவுக்கு எவ்வளவு உண்மை போல இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் மதிப்பு கூடும். எவ்வளவுக்கு மதிப்பு கூடுகிறதோ அவ்வளவுக்கு அதை விற்க முடியாது. நான் பார்த்த வியாபாரங்களில் சாமானின் நல்ல குணமே அதன் குற்றமாக இருக்கும் வியாபாரம் இது ஒன்றுதான்.

விதியைச் சும்மா நையாண்டி பண்ணிவிட்டும் போக முடியாது. 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரத்துப் பூங்காவில் தமிர் ரைஸ் என்ற 12 வயதுப் பிள்ளை விளையாட்டுத் துவக்கோடு நின்றான். அதன் ஆரஞ்சு மூக்கு கழன்று போயிருந்தது. பொலிஸ் வண்டி வந்து நின்ற இரண்டொரு செக்கனில் அவனைச் சுட்டார்கள். மறுநாள் பிள்ளை இறந்துபோனான். அடுத்த வருடம் நியூயார்க் மாநிலச் சட்டமா அதிபர், உண்மை போன்ற பொம்மைத் துவக்குகளை விற்றதற்காக வால்மார்ட், அமேசான் உட்படச் சில பெரிய நிறுவனங்களுக்கு 3 லட்சம் டொலருக்கு மேல் தண்டம் போட்டார்.

எங்கள் அம்மாவுக்கு இந்த விதி முன்னமே தெரியும். 1986இல் கடைசித் தம்பி வாழை மட்டையில் துவக்கு வெட்டி வைத்திருந்தான். மட்டையின் முதுகில் வரிசையாகக் கீறி, நிமிர்த்தி, கையால் வழித்தால் 'படபட' என்று சத்தம் வரும். வானத்தில் ஹெலியின் இரைச்சல் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து அதைப் பறித்து மாட்டுக்குப் போட்டுவிடுவா. மாடு விசையிலிருந்து குழல் வரை மென்று முடித்துவிடும். 1987இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு ஆயுதக் களைவு பற்றிப் பேசியதற்கு ஒரு வருடம் முன்னமே எங்கள் வளவில் அது ஒழுங்காக நடந்து முடிந்தது. மறைத்து வைத்ததாக எந்தத் தரப்பும் குற்றஞ்சாட்டவில்லை.

கனடாச் சட்டத்துக்கு வருவோம். 1998 டிசம்பர் 1ஆம் தேதி உங்கள் கையில் இருந்த போலித் துவக்கை நீங்கள் வைத்திருக்கலாம், உரிமம்கூட வேண்டாம். புதிதாக வாங்க முடியாது. ஒருதரம் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் திரும்ப நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அகதிக்காவது ஒரு விசாரணை உண்டு, மொழிபெயர்ப்பாளர் உண்டு. பளிச்சென்ற நிறப் பிளாஸ்டிக், கண்ணாடி போல ஊடுருவித் தெரிவது, உண்மையைவிட மிகச் சிறியது, மிகப் பெரியது எல்லாம் தப்பிக்கொள்ளும். 1898க்கு முந்திய பழந்துவக்கை ஒத்திருந்தாலும் தப்பும். எங்கள் கௌபாய்க்காரர் 1873இல் வந்த கோல்ட்டின் சாயல், அதுவும் குட்டிச் சாயல். சட்டத்தின் முன்னால் அவர் சுத்தம். மெசினுக்குச் சரித்திரம் தெரியாதபடியால்தான் நான் இடுப்பு அலங்காரம் என்று எழுத வேண்டி வந்தது.

சிக்கல் மெகட்ரானிடம்தான். பி38க்கு 1898 எந்த மூலைக்குக் காணும்? ஆனால் அவர் எப்போதும் துவக்கு அல்ல. நிமிர்ந்து நிற்கும்போது வெறும் ரோபோ, யாருக்கும் ஒரு ஆட்சேபமும் இல்லை. காலைச் சேர்த்து, கையை மடித்து, பிடியைக் கீழே இறக்கினால் தடைசெய்யப்பட்ட சாதனமாகிவிடக்கூடும். இடையில் ஒரு கணம் இருக்க வேண்டும் அல்லவா? முழங்கால் மடியும்போதா, தலை உள்ளே போகும்போதா, எப்போது குற்றம் தொடங்குகிறது? சாப்பாட்டு மேசையில் இருந்து மெல்ல மெல்ல மடித்துப் பார்த்தேன். பாதி மடித்த நிலையில் அவர் நாரியில் பிடிப்பு வந்த மனிதரைப் போல இருந்தார். "உங்களுக்கு விசரே, முட்டுப்பட்டு உடையப்போகுது" என்று மனுசி சத்தம் போட்டா. செய்த நிறுவனத்துக்கே பிறகு இது தாங்கவில்லை. தொண்ணூறுகளில் வந்த அடுத்த தலைமுறை மெகட்ரான் கைத்துவக்காக மாறுவதை விட்டுவிட்டு, டாங்கியாக மாறினார். கைத்துவக்கு பிள்ளைகளுக்குக் கூடாது. டாங்கி பரவாயில்லை.

காசு கூடினால் விதியும் மரியாதையாக ஒதுங்கி நிற்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஹான் சோலோ பிடித்த துவக்கு, 1896ஆம் ஆண்டு மௌசர் கைத்துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி பூட்டிச் செய்தது. 2022இல் அமெரிக்காவில் பத்து லட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. எனக்கு இன்னும் பிடித்தது ஜேம்ஸ் பாண்ட் கதை. ஷோன் கொன்னரி கன்னத்தோரம் நீளக் குழல் துவக்கை நிமிர்த்திப் பிடித்து நிற்கும் அந்தப் பிரபல படத்தை எடுக்கும் நாளில் பாண்டின் துவக்கைக் கொண்டுவர மறந்துபோனார்களாம். புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தன்னுடைய காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்துச் சமாளித்தார். சுவரொட்டியில் உலகத்தையே மிரட்டியது அது. 2010இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,77,250 பவுண்ட் விலை போனது. யாரும் அதன் மூக்கு நிறத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் கௌபாய்க்கு வோட்ரேயிலிருந்து ஒரு பெரியவர் நல்ல விலை சொன்னார். சந்திக்கும் இடத்தையும் அவரே எழுதினார்: பொலிஸ் நிலையத்துக்கு முன்னால். இங்கே பல ஊர்களில் இணையத்தில் வாங்குபவர்களும் விற்பவர்களும் ஏமாறாமல் சந்திக்க, பொலிஸ் வாகனத் தரிப்பிடத்தில் கமரா பூட்டி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். கண்ணாடி போட்ட கறுத்த மனிதன் ஒருவன் பையிலிருந்து கைத்துவக்கை எடுத்து, விசையை இழுத்துக் காட்டி, காசு எண்ணி வாங்குவதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா?

"போட்டு வாங்கோ" என்றா மனுசி. "வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ. வந்தா."

பெரியவருக்கு என் நிலையை விளக்கி எழுதினேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. கடைசியில் சனிக்கிழமை கால்வாய்க் கரை என்று முடிவாயிற்று. கௌபாயைத் துணியில் சுற்றி, கழுவிக் காயவைத்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போட்டேன். எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்ததை யாரும் கண்டதில்லை. ஆனால் அந்தக் கரையில் எல்லோர் கையிலும் ஐஸ்கிரீம், ஆகவே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு சின்னப் பெடியனைத் தவிர. அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். என்ன சுவை என்று கேட்டுவிடுவானோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

பெரியவர் தன் காருக்குள் இருந்து, பூதக்கண்ணாடி வைத்து மூக்கைப் பார்த்தார். சுரண்டினார். பூச்சு இல்லை. காசைத் தந்தார். மெகட்ரானுக்கும் இரட்டிப்பு விலை தருவதாகச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். மெகட்ரான் இப்போது எங்கள் டிவிக்குப் பக்கத்தில் ரோபோவாக நிற்கிறார். மடிப்பதற்கு வீட்டில் ஒருவருக்கும் அனுமதி இல்லை.

வியாபாரம் நடந்ததைக் கண்டதும் மனுசிக்கும் கை துருதுருத்தது. மிக்ஸி வந்த பிறகு மூலையில் கிடந்த தேங்காய்த் திருவலையைப் படம் எடுத்துப் போட்டா. பலகை, அதன் நுனியில் வளைந்து நிற்கும் இரும்பு நாக்கு, நாக்கைச் சுற்றிப் பல். என் மாமியாரிலிருந்து என் மகள் வரை இந்தக் குடும்பத்தில் எல்லோருடைய கையிலும் இரத்தம் கண்ட ஒரே ஆயுதம் அதுதான். மெசின் மறுபேச்சில்லாமல் ஏற்று, சிறுவர் தளபாடங்களுக்குள் கொண்டுபோய் வைத்தது.

பத்து நிமிடத்தில் பியர்ஃபொண்ட்ஸிலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருந்தா: இது என்ன பறவை, பிள்ளை ஏறி இருந்து ஆடலாமா?