லாஸ்பேட்டை ஓடுதளம்

கேள்வி: சென்னையில் பெரிய விமான நிலையம் இருக்கையில், மூன்று மணி நேரப் பிரயாண தூரத்திலுள்ள புதுச்சேரிக்குத் தனியாக ஒன்று அவசியந்தானா?
— வாசகர் ஒருவர், முத்தியால்பேட்டை

பதில்: அவசியந்தான். கோயம்பேட்டுச் சந்தை இருக்கிறதென்று தெருமுனைக் காய்கறிக் கடையை யாரும் மூடச் சொல்வதில்லையே! 2013 ஜனவரியில் புதுச்சேரி லாஸ்பேட்டையில் புதிய விமான முனையம் திறக்கப்பட்டு, பெங்களூர்ச் சேவை தொடங்கிச் சிறிது காலத்தில் நின்று, 2017-ல் மத்திய அரசின் உடான் விமானத் திட்டத்தின் தயவால் ஐதராபாத்துக்கு வழி பிறந்து, 2024 மார்ச்சில் அதுவும் ஓய்ந்து, அவ்வாண்டு டிசம்பரில் இண்டிகோ நிறுவனத்தால் மீண்டும் உயிர்பெற்ற சரித்திரத்தைக் கண்டவர்கள், இவ்வூரில் பிரயாணிகளே இல்லை என்று தீர்மானித்துவிடுகிறார்கள். அது பிசகு. குறை ஓடுதளத்தில் இருக்கிறது. சுமார் 1,500 மீட்டர் நீளத்தில், எழுபது எண்பது பேர் ஏறும் ஏடிஆர் விமானந்தான் சௌகரியமாக இறங்கும். (அது பிரான்ஸின் துலூஸ் நகரில் உருவாவது, ஆகவே நமக்குப் பழைய உறவினர்!) பெரிய ஜெட் விமானம் வந்தால்தான் அதன் வயிற்றில் போதிய சரக்கும் ஏறும். திருச்சியிலிருந்து காய்கறியும் பூவும் பிரயாணிகளோடு ஒரே விமானத்தில் கடல் கடக்கின்றனவே, அந்தப் பாக்கியம் நம் பிராந்தியத்து விவசாயிக்கும் மீனவருக்கும் கிட்ட வேண்டாமா? ஓடுதளத்தை நீட்ட வேண்டிய நிலமோ புதுச்சேரி எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில் இருக்கிறது. நிலம் கொடுக்கும் குடும்பங்களுக்கு நியாயமான ஈடு தந்து, இரு அரசாங்கங்களும் இக்காரியத்தை விரைவில் முடித்துத் தர வேண்டுகிறேன்.