காலை நீட்ட இடம் இருந்த காலம்

எண்பதுகளில் எங்கள் ஊரான மல்லாங்கிணற்றில் கார் என்றால் அம்பாசிடர்தான். கல்யாணம், பிரசவம், தேர்தல் எல்லாவற்றுக்கும் அதுவே வந்து நிற்கும். முன்னால் ஒரே நீள சீட்; டிரைவரோடு மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே ஆறடியைத் தாண்டியிருந்த எனக்கு அதில் தலை இடித்ததில்லை, முழங்கால் முட்டியதில்லை. ஆனால் மனசு கேட்டது வேகத்தை. அது அந்த வண்டியிடம் இல்லை.

பிறகு காண்டெஸா வந்தது. 1984-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த வண்டி. இங்கிலாந்தின் வாக்ஸால் காரை ஒட்டிய உடம்பு. நீளமான பானெட், அகலமான கதவு, கால் நீட்டிய இடமெல்லாம் காலுக்கே. விருதுநகர் பஜாரில் பருத்தி வியாபாரி ஒருவரின் காண்டெஸா நின்றால் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். பார்வைக்குப் பந்தயக் குதிரை. உள்ளே இருந்ததோ அம்பாசிடரின் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். பிற்பாடு இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் பொருத்திய பிறகுதான் அந்த உடம்புக்குக் கொஞ்சமாவது உயிர் வந்தது.

சென்னையில் படித்த நாட்களில் சோழவரம் ரேஸுக்குப் போவேன். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம்; பனிக்காலத்து வெயிலில் தார் மணக்கும். சென்னையிலேயே தயாரான 948 சிசி ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளை அடையாளம் தெரியாதபடி மாற்றிக் கொண்டுவருவார்கள். பின்னாளில் கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்ற அந்தப் பந்தயத்தில் ஓடிப் பழகிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா 1 வரை போனார். அந்த வண்டிக்குள் ஓட்டுபவர் ஏறக்குறைய படுத்திருப்பார். வேகமான வண்டி என்றால் மனிதன் தன்னைச் சுருக்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று அன்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். கையில் காசில்லாத வயதில் அந்த முடிவால் நஷ்டமொன்றும் இல்லை.

இன்று காசு இருக்கிறது. மதுரையிலும் கோவையிலும் வேகமான செகண்ட் ஹேண்ட் கார்கள் கிடைக்கின்றன. வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் பழைய ஏழாம் எண் நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாக விரிந்து கிடக்கிறது. உடம்பு மட்டும் 6 அடி 3 அங்குலம், 110 கிலோ. அன்று இடம் இருந்தது, வேகம் இல்லை. இன்று வேகம் இருக்கிறது, இடம் இல்லை.

கோவையில் ஒருவர் விற்க வைத்திருந்த இரண்டு இருக்கை வெளிநாட்டு வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணுக்கு நேராக முன்கண்ணாடியின் மேல் சட்டம். கிளட்சை மிதித்தால் இடது முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டியது. உடன் வந்திருந்த எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்லை. “தம்பி, எஞ்சின நான் பாத்துக்கிருவேன். ஒங்க முழங்கால நீங்க பாருங்க” என்றார். அதைவிட நல்ல ஆலோசனையை இந்த விஷயத்தில் நான் கேட்டதில்லை.

இதில் நாணப்பட ஒன்றுமில்லை. உலகமே கொண்டாடிய ஓட்டுநர்களுக்கும் இதே பாடுதான். 1995-இல் மெக்லாரனின் ஃபார்முலா 1 காரின் காக்பிட் குறுகலாக இருந்ததால், முன்னாள் உலகச் சாம்பியன் நைஜல் மான்சலால் அந்த ஆண்டின் முதல் இரண்டு பந்தயங்களில் ஓட்டவே முடியவில்லை. 1967-இல் லெ மான் பந்தயத்தில் வென்ற ஃபோர்டு காரில், நெட்டையான டான் கர்னியின் ஹெல்மெட்டுக்காகக் கூரையிலேயே ஒரு புடைப்பு வைத்தார்கள். அவர்களுக்கு வண்டியை மாற்றித்தர ஆள் இருந்தது. நமக்கு அப்படி இல்லை. தயாரிப்பாளர் பதிவு செய்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே பொருந்தும் வண்டியைத்தான் தேட வேண்டும்.

எப்படித் தேடுவது? முதுகை சீட்டில் முழுக்கச் சாய்த்துக்கொண்டு கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். இதற்கு ஸ்டியரிங் மேலும் கீழும் அசைந்தால் போதாது, முன்னும் பின்னும் வர வேண்டும். நெட்டையானவருக்குக் குதிரைத்திறனைவிட இது முக்கியம். சன்ரூஃப் வேண்டவே வேண்டாம், அது தலைக்கு மேலே இருக்கும் கொஞ்ச இடத்தையும் தின்றுவிடும். ஹெட்ரெஸ்ட் காதுக்குக் கீழே நின்றால் பின்னாலிருந்து யாராவது இடிக்கும்போது கழுத்து போய்விடும். முன்னால் வைத்திருந்தவர் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தால் தொடாதீர்கள். நம் கனத்தோடு கிராமத்து ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் வண்டியின் வயிறு உரசும். உட்கார்ந்து பார்த்தது போதாது, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். தொடை மரத்துப்போகிற சீட்டில் பிரேக்கை மிதிக்கக் கால் நேரத்துக்கு எழும்பாது. கூனிக்குறுகி உட்கார்ந்து வேகமாக ஓட்டுவது ரோட்டில் நடக்கிறவர்களுக்கும் ஆபத்து. விடிகாலையில் சிவகாசிக் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் காத்து நிற்கும் ஊர்கள் எங்களைச் சுற்றி இருக்கின்றன.

கடைசியில் நான் வாங்கியது 2004-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். குடும்ப வண்டியின் உடம்பு, 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், 150 குதிரைத்திறன். ஸ்டியரிங் என்னை நோக்கி வருகிறது, சீட் இறங்குகிறது, கால் நீள்கிறது. தாழ்ந்து படுத்த ஸ்போர்ட்ஸ் காரின் அழகு இதற்கு இல்லைதான். ஆனால் காரியாபட்டி ரோட்டில் மூன்றாவது கியரில் டர்போ விழித்துக்கொள்ளும்போது, சோழவரத்தில் கம்பி வேலிக்கு வெளியே நின்று ஆசைப்பட்டது இதைத்தான் என்று தெரிகிறது.

என்னைப்போல் உயரமும் கனமும் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் போய் உட்காருங்கள். முழங்கால் இடித்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.