குவாங்பிங்கைத் திருப்பிக் கொடுங்கள்!

கேள்வி: 1894-95 போரில் ஜப்பானிடம் சீனா தோற்றது, ராஜமாதா சிஷி கடற்படைப் பணத்தை அரண்மனையில் கொட்டியதால்தானே?

பதில்: பாதி நிஜம். அவர் புதுப்பித்த பளிங்குப் படகு இன்றும் பெய்ஜிங் கோடைக்கால அரண்மனை ஏரியில் நிற்கிறது; எந்த எதிரியாலும் மூழ்கடிக்க முடியாத கப்பல்! ஆனால் காசுதான் காரணமென்றால், ஜெர்மனியில் கட்டிய போர்க்கப்பல்களான டிங்யுவானும் ஜென்யுவானும் அந்தப் போரின் யாலு கடற்சண்டையில் அத்தனை குண்டுகள் வாங்கியும் மூழ்காமல் கரை சேர்ந்தது எப்படி? ஓட்டை கப்பலில் இல்லை, நிர்வாகத்தில். ஜப்பானோடு மோதியது வடக்குப் பகுதி ஆளுநர் லி ஹோங்சாங்கின் வடகடல் படை. தெற்குப் படைகள் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தன. 1895 பிப்ரவரியில் அந்த வடகடல் படை வெய்ஹாய்வே துறைமுகத்தில் சரணடைந்தபோது, 'குவாங்பிங் கப்பல் குவாங்டாங் மாகாணத்துடையது, அந்த மாகாணத்துக்கும் போருக்கும் சம்பந்தமில்லை, திருப்பிக் கொடுங்கள்' என்று சீனத் தரப்பினர் ஜப்பானியரிடமே கேட்டார்கள். இத்தனைக்கும் யாலுவில் சண்டை போட்ட கப்பல் அது! ஷிமோனோசெகி சமாதான உடன்படிக்கையில் 20 கோடி டேல் வெள்ளி நஷ்டஈடு எழுதிக்கொடுத்தபோது மட்டும் மொத்தச் சீனாவும் ஒரே நாடாகிவிட்டது.