முதற்பக்கப் பித்தர்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களில் அண்மைக்காலத்தில் பெருகிவரும் ஒரு மனித வகையினரை, வேறு பெயர் கிடைக்காமையால், முதற்பக்கப் பித்தர் என்று அழைக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்கென்று மலையகத்தைப் பற்றி இணையத்தளம் நடத்தும் இவருக்கு, கூகுளில் எவர் எதைத் தேடினாலும் தமது தளம் முதற்பக்கத்தில் தோன்ற வேண்டும் என்பதே இலட்சியம். அத்தளத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது இரண்டாம்பட்சம்.

விடிந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, கைப்பேசியில் முந்தைய நாள் வருகைப் பதிவைப் பார்ப்பதாகும். குறித்த எடைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம், போடும் கணக்கப்பிள்ளையைப் போல, மூன்றே செக்கனில் பக்கத்தை மூடிவிட்டுப் போன வாசகருக்கு அவரும் மனத்துக்குள் அரைப்பேரே போடுவார். ஆனால் ஊராரிடம் எண்ணிக்கை சொல்லும்போது அரைப்பேர்களெல்லாம் முழுப்பேராகிவிடும்.

தேடுபொறி உகப்பாக்கம் எனப்படுவது, மக்கள் தேடும் சொற்களைத் தலைப்பிலும் உரையிலும் பொருத்தமாக அமைத்து, பக்கம் எதைப் பற்றியது என்பதைத் தேடுபொறிக்கு விளங்கச் செய்யும் கலையாகும். நம்மவர் இந்த வரையறையில் 'பொருத்தமாக' என்பதை மட்டும் விட்டுவிட்டுப் படித்தவர். ஆகவே சென்கிளயர் நீர்வீழ்ச்சி பற்றிய அவரது ஒரே பத்தியில் அப்பெயர் பதினொரு முறை வருகிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தால் அங்கே நீர்வரத்துக் குறைந்துபோனது என்ற செய்தி, எவரும் தேடாத சொற்களால் ஆனது என்பதாலோ என்னவோ, ஒரு முறைகூட வருவதில்லை. 'அட்டன்' என்ற தனிச்சொல்லிலேயே முதலிடம் பிடிக்க முனைந்து அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. 1888இல் அவ்வூரில் தொடங்கிய வங்கி அப்பெயரை நாடெங்கும் கொண்டுசென்றுவிட்டது; இலண்டனிலோ அட்டன் கார்டன் என்றொரு நகைக்கடைத் தெருவே இருக்கிறது. இவற்றுக்குப் பின்னால் நிற்க நேர்ந்ததைச் சதியென்று கருதுவது இவ்வகையினரின் இயல்பு.

தளம் மெதுவாகத் திறக்கிறதென்று யாரேனும் குறைகூறினால், பழி சேர்வரின் மேல் விழும். தளத்தின் கோப்புகளை வைத்திருந்து, கேட்பவருக்கு அனுப்பும் கணினியே சேர்வர். மலிவான சேவைகளில் பல தளங்கள் ஒன்றையே பங்கிட்டுக்கொள்வதால், ஒன்றில் கூட்டம் கூடினால் மற்றவை தள்ளாடும். கூகுள் 2010 முதல் பக்கத்தின் வேகத்தையும் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கிறது என்பதையும், முதன்மைப் படமோ உரையோ 2.5 செக்கனுக்குள் தோன்றுவதே நல்ல பக்கத்துக்கு அளவு என்பதையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அவர், மனைவி கூரைத்தகரம் மாற்றச் சேர்த்த காசை எடுத்து, அமெரிக்காவிலிருந்த தளத்தைச் சிங்கப்பூருக்குக் குடிமாற்றுகிறார். தூரம் குறைந்தால் தரவு விரைந்து வரும் என்பது மெய்தான். ஆனால் அவர் எதிர்பார்க்கும் வாசகர் ஐரோப்பாவில் இருக்கிறார். முகப்பிலுள்ள தேயிலை மலைப் படமோ, கமராவிலிருந்து இறக்கிய கோலத்திலேயே எட்டு மெகாபைட் எடையோடு கிடக்கிறது. அதைச் சுருக்கினாலே பாதித் தொல்லை தீரும், அதுவும் காசில்லாமல். ஆனால் காசில்லாத வைத்தியத்தில் அவருக்கு நம்பிக்கையில்லை.

இத்தனைக்கும் நடுவே, டிசம்பர் பௌர்ணமியில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கி வெசாக்கில் முடியும்வரை, அவரது தளத்தில் கூட்டம் உண்மையாகவே பெருகுகிறது.

“பார்த்தியா மச்சான், சிங்கப்பூர் சேர்வர் வேலையைக் காட்டிருச்சி!” என்று மைத்துனரின் முதுகில் தட்டுகிறார்.

வந்தவர்கள் படிப்பது மைத்துனர் பொழுதுபோகாமல் தட்டிப்போட்ட ஒரு பக்கம்: அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் பஸ் எத்தனை மணிக்கு, விடியற்காலைக் குளிருக்கு என்ன உடுப்பு, வழியில் தேநீர்க் கடை எங்கெங்கே. அதில் ஒரு படமும் இல்லை. எந்தச் சொல்லும் தேவைக்கு மேல் ஒரு தடவைகூட வரவில்லை.